பழகி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

"முதல்ல நல்லாப் பழகட்டும், பிறகு வேலைக்கு விடுவம்." அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. பெரிய தவறும் இதுதான். பழகி முடிகிற நாள் வருவதில்லை. கடித உறை ஒட்டியும் தும்புத்தடி கட்டியும் முப்பது வயதைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும். ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் செய்வது இவர்களில் பலருக்குக் கடினம். அதனால்தான் துணையுடனான வேலைவாய்ப்பில் வரிசை மாறுகிறது: முதலில் உண்மையான வேலை, சம்பளம், பழக்குவது அந்த இடத்திலேயே, ஒருவர் கூட நின்று.

"இவனுக்கு விளங்காது" என்று முடிவுகட்டுவதும் தவறு. 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், கடுமையான குறைபாடுள்ளவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார், பேச்சைக் குறைத்தார்.

அதன் அருமை எனக்கு நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் லோண்டரியில்தான் விளங்கியது. நான் கூட நின்ற தம்பிக்கு 24 வயது. பெரிய துவாயை மடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் மூன்றாவது மடிப்பில் நின்றுவிடுவார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தாரே தவிர, துவாயைப் பார்க்கவில்லை. பிறகு மேசையில் சிவப்பு டேப் ஒட்டி, துவாயின் தையல் ஓரத்தை அதில் வைத்துக் காட்டினேன். நான்கே நாளில் பிடித்துக்கொண்டார்.

அங்கே நான் விட்ட தவறு வேறு. மேற்பார்வையாளர் தம்பியைப் பற்றி என்னிடமே கேட்பார், நானே பதில் சொல்வேன். நான் காய்ச்சலில் படுத்த அன்று தம்பியோடு எப்படிப் பேசுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. டேப் எதற்கு என்று பக்கத்து மேசை அக்காவுக்கு முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். கூட நிற்பவர் மெல்ல மெல்ல விலகத்தான் வேண்டும். ஆனால் ஒரேயடியாகக் காணாமல் போகக் கூடாது; மெஷின் மாறினால், மேற்பார்வையாளர் மாறினால் திரும்பப் போய் நிற்க வேண்டிவரும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தவறும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சித்திரை முதல் புரட்டாதி வரைதான் சீசன். மாரி தொடங்க ஆட்களைக் குறைப்பார்கள். "நாளைக்கு வர வேண்டாம்" என்றது தம்பிக்கு விளங்கவில்லை. அடுத்த நாளும் விடிய ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு பஸ்சுக்கு நின்றார். அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. வேலை பேசும்போதே மாரிக்கு என்ன செய்வது என்று கேளுங்கள். வருடம் முழுக்க ஓடும் பேக்கரி, பலசரக்குக் கடைகள் டவுனில் இருக்கின்றன.

அப்புறம் சம்பளம். "பஸ் காசு குடுத்தால் போதும்" என்று பெற்றோரே சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 27ஆவது உறுப்புரை சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. மற்ற ஊழியர்களைப் போலவே இவர்களுக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டும்; ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். முதல் மாதமே சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.