மூன்று பேர், ஒரு கீபோர்டு, ஒரு பித்தளைச் சொம்பு: சென்னையில் சின்னதாக ஓர் இசை நாடகம் போடும் வழி

நான் நாடகக்காரன் இல்லை. பகலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிறேன். ராத்திரியில் கீபோர்டு: கல்யாண ரிசப்ஷன், கோயில் கச்சேரி, எப்போதாவது சாலிகிராமம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் டிராக் வேலை. 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது 'டிக், டிக்... பூம்!' என்ற அமெரிக்க இசைப் படத்தைப் போனில் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது. கதையில் வரும் ஜானுக்கும் இருபத்தொன்பதுதான், இன்னும் சில நாளில் முப்பது. பாதியில் நிறுத்திவிட்டு, காரணமே இல்லாமல் மோட்டார் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

படம் பிறகு வந்தது, பிறந்தது மேடையில். ஜொனாதன் லார்சன் நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் பரிமாறிக்கொண்டே பாட்டு எழுதியவர். 'சூப்பர்பியா' என்று ஒரு பெரிய விஞ்ஞானக் கற்பனை இசை நாடகத்தைப் பல வருடம் எழுதினார். அதை முழுதாக மேடையேற்ற யாரும் முன்வரவில்லை. சரி, பெரிசாகப் போட ஆள் இல்லையென்றால் சின்னதாகப் போடுவோம் என்று 1990இல் தானே பியானோ முன் உட்கார்ந்து, பின்னால் ஒரு பேண்டை வைத்துக்கொண்டு, தன் கதையையே பாடினார். அதுதான் 'டிக், டிக்... பூம்!' நாடகம். 1996 ஜனவரி 25 அன்று, 'ரெண்ட்' என்ற அவருடைய இசை நாடகம் முதல்முறை பார்வையாளர் முன் வர வேண்டிய நாளில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்து இறந்துபோனார். வயது 35. அந்தப் பழைய ஒற்றை ஆள் நாடகத்தை நாடக ஆசிரியர் டேவிட் ஆபர்ன் மூன்று நடிகர்களுக்கு மாற்றி அமைக்க, 2001இல் மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதை அப்படியே தமிழாக்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். நானும் நினைத்தேன். உரிமை நியூயார்க்கில் இருக்கும் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. எத்தனை நாற்காலி, டிக்கெட் என்ன விலை, எத்தனை காட்சி என்று கேட்டுத்தான் கட்டணம் சொல்வார்கள். பாட்டை மொழிபெயர்க்கவும், ஜானைக் கோடம்பாக்கத்துக்குக் குடிவைக்கவும் எழுத்தில் தனி அனுமதி வேண்டும். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் உரிமை உண்டு, ஆபர்ன் உயிரோடு இருக்கிறார், ஆக அந்தக் கணக்கு இப்போதைக்கு முடியாது. இங்கிலீஷில் அப்படியே போடுவதானால் பணம் கட்டிப் போடுங்கள். இல்லையென்றால் லார்சன் செய்த காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தமாக எழுதுங்கள். நாங்கள் இரண்டாவது வழியில் போனோம்.

சொந்தமாக எழுதுவது என்றதும் நம் ஆட்கள் "கனவு", "லட்சியம்", "போராட்டம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் வேண்டாம். உங்கள் கையை விட்டுப் போன ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். அதற்கு மணி, நிமிடம், பொருள் மூன்றும் இருக்க வேண்டும். என்னுடையது இது: ராத்திரி பதினொன்று பத்துக்கு ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர் கூப்பிட்டார். காலை ஏழு மணிக்கு கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டும். போன் ஹாலில் சார்ஜில் இருந்தது, சைலண்டில். காலை எட்டுக்குப் பார்த்தேன், மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டபோது, "ஆள் வந்தாச்சு தம்பி, பரவாயில்ல" என்றார். அவ்வளவுதான். அந்த "பரவாயில்ல"வை வைத்தே முதல் பாட்டை எழுதினேன். வில்லன் தேடாதீர்கள். அந்த உதவியாளர் மேல் என்ன தப்பு?

அடுத்து, தாளம். இந்த மாதிரிக் கதைக்கு எலும்பே கடிகாரம்தான். நாடகம் முழுக்க ஒரு 'டிக்' அடியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே தமிழ் நமக்குச் செய்யும் உதவியைப் பாருங்கள். 'இருபத்தொன்பது' என்று சந்தக் கணக்கில் மாத்திரை எண்ணிச் சொல்லுங்கள்: இ ஒன்று, ரு ஒன்று, பத் இரண்டு, தொன் இரண்டு, ப ஒன்று, து ஒன்று. மொத்தம் எட்டு. இப்போது 'முப்பது': முப் இரண்டு, ப ஒன்று, து ஒன்று. நான்குதான். ஒரு டிக்குக்கு நான்கு மாத்திரை என்று வைத்துக்கொண்டால், இருபத்தொன்பது இரண்டு டிக் எடுத்துக்கொள்ளும். முப்பது ஒரே டிக்கில் முடிந்துவிடும். வேகத்தைக் கூட்டாமலே, வயது ஏறினாலே பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று கடையில் ஒரு கஸ்டமருக்கு கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் பிரேக் ஷூவுக்கு பில் போட்டேன்.

வரிகளுக்குப் பெரிய கவிதை தேட வேண்டாம், வீட்டில் காது கொடுத்தால் போதும். என் அம்மா, "முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல, முப்பது வருஷம் வீழ்ந்தவனும் இல்லடா" என்று தட்டில் சோறு போடும்போதெல்லாம் சொல்வார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் முப்பது முடியப்போகிறவனுக்கு அது எப்படிக் கேட்கும்? அதையே பல்லவியாக வைத்தோம். நாடகத்தில் அம்மா மூன்று தடவை பாடுகிறார், மூன்று தடவையும் அதே மெட்டு, அடியில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு (கார்டு) மட்டும் மாறும். கீபோர்டுக்காரர்களுக்குப் புரியும்.

ஆணும் பெண்ணும் சண்டை போடும் பாட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இதற்கு நியூயார்க்வரை போக வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தில் வள்ளியும் வேலனும் மடக்கி மடக்கிப் பாடும் தர்க்கத்தைக் கேளுங்கள். புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் இன்னும் விடிய விடியப் பாடுகிறார்கள். வேறு வேறு ஊரிலிருந்து வந்த நடிகர்கள், சேர்ந்து ஒத்திகைகூடப் பார்க்காமல், ஆர்மோனியக்காரரை நம்பி மேடையேறுகிறார்கள். சுவாமிகள் இறந்தது 1922இல், அவர் பாட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்தப் பாணியில் எழுதும்போது சிக்கல் சுருதியில் வரும். எங்கள் பையனுக்கு ஒன்றரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரக் கணக்கு), பெண்ணுக்கு ஐந்தரை. யாராவது ஒருவர் கத்த வேண்டும் அல்லது முனக வேண்டும். பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: ஒன்றரைக் கட்டையின் பஞ்சமம்தானே ஐந்தரை! அவனுடைய 'ப' அவளுக்கு 'ச'. அவளிடமிருந்து பார்த்தால் அவனுடைய 'ச' அவளுக்கு 'ம'. ஆக சுருதிப் பெட்டி ஒன்றே ஓடட்டும்; அவன் தன் சட்ஜத்தில் வந்து நிற்பான், அவள் தன் சட்ஜத்தில். இருவரும் அவரவர் வீட்டில் நின்று சண்டை போடுகிறார்கள். ஒத்திகையில் அந்தப் பெண், "அண்ணா, இப்பத்தான் எனக்கு நிஜமாவே கோபம் வருது" என்றாள்.

நடிகர்கள் மூன்று பேர் போதும். ஒருவன் இசைக்காரனாகவே கடைசிவரை இருப்பான். மற்ற இருவர் அம்மா, முதலாளி, வெளிநாட்டு வேலைக்குப் போன நண்பன், காதலி, ஆட்டோக்காரர் எல்லாம். உடை மாற்ற நேரம் கிடையாது. ஒரு துண்டு வாங்குங்கள், காடாத் துண்டு. தோளில் போட்டால் அப்பா, தலையில் கட்டினால் ஆட்டோக்காரர், இடுப்பில் இறுக்கினால் சமையல்காரர். கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் ஓஎம்ஆர் சாஃப்ட்வேர் ஆள். இதைவிட விளக்கம் சென்னையில் யாருக்கும் தேவைப்படாது. வாத்தியக்காரர்களை ஓரத்தில் ஒளித்துவைக்காமல் மேடையிலேயே உட்கார வையுங்கள்.

தேதியும் இடமும். மார்கழியில் சபா பக்கம் தலைவைக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை எப்போது வரும் என்று தெரியாது. மே மாதம் நடிகனே உருகிவிடுவான். பிப்ரவரி, மார்ச் நல்லது. ஜூலை, ஆகஸ்ட் பரவாயில்லை. எழும்பூர் மியூசியம் தியேட்டர் ஆசை காட்டும். ஆனால் முதல் நாடகத்துக்கு அத்தனை இருக்கையை யார் வந்து நிரப்புவது? அறுபது எழுபது பேர் உட்காரும் இடமாகத் தேடுங்கள். பெரிய சபாக்களின் மினி ஹால், நடனப் பள்ளிக்கூடம், நண்பன் வீட்டு மொட்டை மாடி எதுவானாலும் சரி. முன்பணம் கொடுக்கும் முன் ஏசியைப் போடச் சொல்லி, கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். ஏழு மணி என்றால் ஏழு ஐந்துக்குத் தொடங்கி, எட்டரைக்குள் விட்டுவிடுங்கள். வேளச்சேரி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் எட்டே முக்காலுக்கு எழுந்தால் முழு வரிசையும் எழும்.

இப்போது அந்த டிக். முதலில் ஒரு சுவர்க் கடிகாரத்தை வாங்கி அதன் முன் மைக் வைத்தேன். ஏசியின் உறுமலில் கடிகாரம் காணாமல் போய்விட்டது. ஒலியைக் கூட்டினால் மைக் ஊளையிட்டது. கேட்ட கொஞ்ச நேரத்திலும் டிரம்ஸ்காரன் ஒரு பக்கம், கடிகாரம் ஒரு பக்கம். "மச்சி, நான் அதுகூட வாசிக்கிறதா, இல்ல அது என்கூட வாசிக்கிறதா?" என்றான். நியாயமான கேள்வி. பதிவு செய்த ஒலியைப் போட்டுப் பார்த்தோம். நடிகன் ஒரு வசனத்தை நீட்டினால் அது காத்திருக்கவில்லை.

கடைசியில் அம்மாவின் பித்தளைச் சொம்பைத் திருடினேன். சும்மாட்டின் மேல் வைத்து பென்சிலால் விளிம்பைத் தட்டினால் அருமையான ஒலி, ஆனால் கணீரென்று நீண்டு அடுத்த டிக்கில் போய் மோதுகிறது. கடையிலிருந்து பெரிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இரண்டு எடுத்து வந்து சொம்பின் கழுத்தில் மாட்டினேன். நீளும் கார்வை செத்து, 'டக்' என்று வற்றிய ஒலி. கடிகாரமே தோற்றது. டிரம்ஸ்காரன் காதில் தாளம் எண்ணும் கிளிக் ஓட, முதல் காட்சி நிமிடத்துக்கு 60 தட்டு. பிறகு காட்சிக்கு நாலு தட்டு ஏற்றிக்கொண்டே போங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

லார்சனின் கதையில் பிறந்தநாளன்று ஆன்சரிங் மெஷினில் ஒரு பெரியவரின் பாராட்டுச் செய்தி வரும். எங்கள் நாடகத்தில் போன் அடிக்கிறது, அவன் எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. யார் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் ஏசியை அணைக்க ஓர் ஆளை ஸ்விட்ச் அருகில் நிறுத்துங்கள். சொம்புக்காரர் தட்டுவதை நிறுத்தி, மெதுவாக இரண்டு ஓ-ரிங்கையும் கழற்ற வேண்டும். ஒத்திகையில் இதை மட்டும் இருபது தடவை செய்யுங்கள், ரப்பர் 'பட்' என்று தெறித்தால் எல்லாம் போயிற்று. அப்புறம் ஒரே ஒரு தட்டு. ஒரு மணி நேரமாக அடைத்து வைத்திருந்த கார்வை அறை முழுக்க நீளும். யாராவது கைதட்டப் பார்ப்பார்கள். விளக்கு போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: சொம்பு தானாக அடங்கும்வரை ஸ்விட்சில் கை வைக்கக்கூடாது.