ப்ராக் நகரில் ஒரு போர்ட்ரெய்ட் நடை: முதல்முறை கேமராவோடு போகிறவர்களுக்கு

செக் குடியரசின் தலைநகரான ப்ராகில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரமோ சிலையோ பழைய வாசலோ கண்ணில் படும். அதனாலேயே அங்கே மனிதர்களைப் படம் எடுப்பது சிரமம். கோட்டையும் வரவேண்டும், பாலமும் வரவேண்டும், ஆளும் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆள் கடுகளவாகிவிடுவார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால்தான் யாரென்றே தெரியும்.

இதற்கு நல்ல மருந்து, உள்ளூர்ப் புகைப்படக் கலைஞர் ஒருவரோடு இரண்டு மூன்று மணி நேரம் நடந்தபடியே போர்ட்ரெய்ட், அதாவது ஒருவரின் முகத்தை முதன்மையாக வைத்த படம், எடுக்கப் பழகுவது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதலில் முகத்துக்கு வெளிச்சம் தேடுங்கள், ஊர் தானாகப் பின்னால் வந்து நிற்கும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்த மாதிரி நடை வேண்டும்?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கலைஞர் உங்களை நிறுத்தி வைத்துப் படம் எடுத்துத் தருவார். மற்றொன்றில் கேமரா உங்கள் கையில் இருக்கும், அவர் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். குழுவில் எத்தனை பேர், மாடலாக யாராவது வருவார்களா அல்லது நாமே ஒருவரை ஒருவர் எடுக்க வேண்டுமா, மழை வந்தால் தேதி மாற்ற முடியுமா என்பதையும் அதிலேயே கேட்கலாம்.

நான்கு பேருக்கு மேல் உள்ள குழுவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சந்துகள் குறுகலானவை. ஒருவர் எடுத்து முடிக்கும் வரை மற்றவர்கள் காத்து நிற்பதிலேயே நல்ல வெளிச்சம் போய்விடும். வீட்டு மனிதர் ஒருவரை உடன் அழைத்துப் போவது இன்னும் நல்லது. பழகிய முகத்தை எடுக்கும்போது கூச்சம் சீக்கிரம் விலகும்.

படி 2: நேரத்தைச் சூரியனிடம் கேளுங்கள்

ப்ராக் வடக்கே 50 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்து, இரவு ஒன்பதுக்கு மேல்தான் மறையும். டிசம்பரில் உதிப்பதே எட்டு மணி வாக்கில், மாலை நான்குக்கெல்லாம் இருட்டிவிடும். ஆனால் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 17 டிகிரிக்கு மேல் ஏறாது. நம் ஊரில் உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே கரும்பட்டை போடுமே, அந்தத் தொல்லை குளிர்காலத்தில் அங்கே இல்லை. பனிக் குல்லாவோடு வெளியே நிற்கத் தெம்பிருந்தால் பகல் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம் கிடைக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர், அக்டோபர் வசதி. விடியலுக்கு அரைமணி முன்பாக நடையைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் அதுதான் பிடித்த நேரம். மேகமூட்டமாக இருந்தால் வருத்தப்பட வேண்டாம். மூடிய வானம் முகத்துக்கு மென்மையான வெளிச்சம் தரும்.

படி 3: பையையும் கேமராவையும் தயார் செய்யுங்கள்

ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும். 50 எம்எம் அல்லது 85 எம்எம் இருந்தால் நல்லது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் அதன் நீண்ட முனைக்குப் போய்விடுங்கள். அப்பெர்சர் (லென்ஸின் திறப்பு) முன்னுரிமை மோடில் வைத்து, திறப்பை எஃப் 2.8 அல்லது உங்கள் லென்ஸ் திறக்கும் அளவுக்கு வையுங்கள். ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவு ஆட்டோவில் இருக்கட்டும், ஷட்டர் வேகம் மட்டும் 1/200 நொடிக்கும் மெதுவாகப் போகாதபடி வரம்பு வையுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ரா வடிவில், அதாவது பிறகு திருத்த வசதியான மூலக் கோப்பாக எடுங்கள்.

போன்தான் என்றாலும் தாராளமாக வரலாம். ஆனால் சாதாரண 1எக்ஸ் லென்ஸோடு முகத்துக்கு அருகே போகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். 2எக்ஸ் அல்லது 3எக்ஸுக்கு மாற்றி, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

காலுக்குத் தட்டையான, பிடிமானமுள்ள ஷூ. தெருவெல்லாம் கல் பாவியது, பனி இறங்கினால் வழுக்கும். படம் எடுத்துக்கொள்பவர் பட்டுப்புடவை கட்ட விரும்பினால் கட்டட்டும். காவியும் வெளிர் மஞ்சளுமான அந்தச் சுவர்களுக்கு முன்னால் கரும்பச்சையும் அரக்கும் அருமையாக இருக்கும். கொசுவத்தை ஓர் அங்குலம் தூக்கிக் கட்டினால் நடப்பது சுலபம்.

படி 4: சார்லஸ் பாலத்தில் தொடங்குங்கள்

மன்னர் நான்காம் சார்லஸ் 1357-ல் அடிக்கல் நாட்டிய பாலம் இது. நீளம் சுமார் அரை கிலோமீட்டர், அகலம் பத்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு, இரு கைப்பிடிச் சுவர்களிலும் சேர்த்து முப்பது சிலைகள். பகல் பத்து மணிக்கு மேல் அந்த அகலத்தில் ஆளை நிறுத்த இடம் கிடைக்காது. விடியலில் பாலம் ஏறக்குறைய நமக்கே.

பாலம் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. பழைய நகரம் கிழக்கே, கோட்டை மேற்குப் பக்கக் குன்றின் மேலே. இந்தத் திசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சூரியன் எழுவதற்கு முன் வானம் வெளுக்கும் நேரத்தில், ஆளைக் கிழக்கு பார்த்து நிற்க வையுங்கள். நீங்கள் பழைய நகரப் பக்கம் உங்கள் முதுகு இருக்கும்படி நில்லுங்கள். வானமே பெரிய விளக்காக முகத்தில் விழும். அவருக்குப் பின்னால் கோட்டையும் புனித வீட்டஸ் பேராலயத்தின் கூர்ங்கோபுரங்களும் மங்கலாகத் தெரியும். ஊர் வேண்டும் என்கிறவர்களுக்கு ஊரும் கிடைத்துவிட்டது.

சூரியன் மேலே வந்ததும் இடம் மாறுங்கள். இப்போது நீங்கள் கிழக்கு பார்க்க வேண்டும், ஆள் சூரியனுக்கு முதுகு காட்ட வேண்டும். பழைய நகர முனையில் உள்ள கோபுர வாசல் பின்னால் நிழலுருவாக நிற்கும், தலைமுடியின் ஓரத்தில் பொன்கோடு விழும். இங்கேதான் கேமரா ஏமாற்றும். பின்னால் பிரகாசமாக இருப்பதைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். மாநிறமும் கறுப்புமான நம் முகங்கள் அதில் அடையாளம் தெரியாமல் போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் சக்கரத்தைக் கூட்டல் 1 வரை திருப்புங்கள். போனில் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை மேலே இழுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும், முகத்தின் நிறம் உண்மையாக இருக்க வேண்டும். முகத்தை எடுத்தபின் கணினியில் வெளுப்பாக்கித் தரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: வளைவு நிழலுக்குள் போங்கள்

இதைத்தான் நிதானமாகச் செய்யச் சொல்வேன். பாலத்தின் மேற்கு முனையில் இறங்கினால் மாலா ஸ்ட்ரானா பகுதி. அங்குள்ள மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் பழைய வீடுகளின் தரைத்தளம் முழுக்கத் தூண்களும் வளைவுக் கூரையும் கொண்ட நடைபாதைதான். வெயில் ஏறிய பிறகு போர்ட்ரெய்ட்டுக்கு இதைவிட நல்ல இடம் ப்ராகில் எனக்குத் தெரியாது.

தரையைப் பாருங்கள். வெயில் விழும் இடத்துக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். ஆளை அந்தக் கோட்டிலிருந்து ஒரு கை நீளம் நிழலுக்குள் தள்ளி, தெருவைப் பார்த்து நிறுத்துங்கள். நீங்கள் தெருப்பக்கம், தூணோரம். மேலே கூரை இருப்பதால் தலைக்கு மேலிருந்து வரும் வெயில் தடைபடுகிறது. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நேராக முகத்துக்கு வருகிறது. வெளியே பாவிய வெளிர்நிறக் கற்கள் கொஞ்சம் வெளிச்சத்தைத் தாடைக்குக் கீழேயும் அனுப்புகின்றன. கண்ணைக் கூர்ந்து பாருங்கள், கருவிழியின் மேல்பக்கம் வளைவின் வடிவத்திலேயே ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். அது தெரிந்தால் எடுக்கலாம். தெரியவில்லையென்றால் அவரை அரையடி முன்னால் வரச் சொல்லுங்கள்.

அடுத்து அவரைத் தூணை நோக்கி மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்திலேயே இருக்க, மறு கன்னம் படிப்படியாக நிழலுக்குப் போகும். எந்தக் கோணத்தில் முகம் அழகாகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே பின்னணி இருட்டு என்பதால் கேமரா முகத்தை அளவுக்கு மீறி வெளுக்கும். பாலத்தில் கூட்டிய சக்கரத்தை இங்கே கழித்தல் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். நேரம் குறைவு என்றால் மற்ற இடங்களை விட்டுவிட்டு இந்த ஒரு வளைவிலேயே அரைமணி நேரம் நின்றாலும் நஷ்டமில்லை.

படி 6: ஆளோடு பேசிக்கொண்டே எடுங்கள்

‘நேரா நில்லு, சிரி’ என்றால் அடையாள அட்டைப் படம்தான் வரும். செய்ய ஏதாவது வேலை கொடுங்கள். “அக்கா, அந்தப் பச்சைக் கதவப் பாருங்க... இப்ப மெதுவா என் பக்கம் திரும்புங்க.” திரும்பி முடிக்கும் அந்தக் கணத்தில் அழுத்துங்கள். கை என்ன செய்வது என்று திண்டாடினால் புடவைத் தலைப்பையோ கோட்டின் காலரையோ பிடிக்கட்டும். கேமராத் திரையை அடிக்கடி அவருக்குக் காட்டுங்கள். ஒரு படம் பிடித்துவிட்டால் அப்புறம் அவரே நிற்கத் தொடங்குவார். வழிகாட்டி எப்படிப் பேசுகிறார், எங்கே சும்மா இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

படி 7: தெரியாதவர்களிடம் அனுமதி கேளுங்கள்

பொம்மலாட்டப் பொம்மை விற்பவர், பாலத்தில் வாசிக்கும் இசைக்கலைஞர், நாயோடு வரும் பாட்டி என்று எடுக்கத் தூண்டும் முகங்கள் நிறைய வரும். 2014-ல் நடைமுறைக்கு வந்த செக் குடிமைச் சட்டப்படி, பொதுவாக ஒருவரை அடையாளம் தெரியும்படி படம் எடுக்க அவருடைய சம்மதம் வேண்டும். அதை வெளியிடுவதற்கும் சம்மதம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை. ‘டோப்ரீ டென்’ என்று வணக்கம் சொல்லி, கேமராவைக் காட்டிப் புன்னகைத்தால் புரிந்துகொள்வார்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் ‘டெக்குயி’ என்று நன்றி சொல்லி நகருங்கள். தெருக்கலைஞர் என்றால் எடுப்பதற்கு முன்பே அவருடைய தட்டில் காசு போடுங்கள். அங்கே புழங்குவது யூரோ அல்ல, செக் கொருனா. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கம்பாவிலிருந்து குன்றின் மேலே

பாலத்துக்குக் கீழேயே கம்பா தீவு. செர்டோவ்கா என்ற சிறு கால்வாயும் பழைய நீராலைச் சக்கரமும் அங்கே இருக்கின்றன. பக்கத்திலேயே லெனான் சுவர். 1980-ல் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான் கொல்லப்பட்ட பிறகு இளைஞர்கள் எழுதத் தொடங்கிய இடம், கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு அது எரிச்சலாக இருந்தது. வரலாற்றுக்காகப் பார்க்க வேண்டிய சுவர்தான், ஆனால் அத்தனை வண்ணத்துக்கு நடுவே முகம் தொலைந்துவிடும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஆளைச் சுவரிலிருந்து நான்கைந்து மீட்டர் முன்னால் நிறுத்தி, லென்ஸை முழுதாகத் திறந்து சுவரைக் கலங்கலாக்குங்கள்.

கம்பாவின் தெற்கு முனையிலிருந்து சிறிது நடந்தால் ஊயெஸ்ட் தெரு. புகைப்படக் கலைஞர் யோசஃப் சூடெக்கின் ஸ்டூடியோ அந்தத் தெருவில் ஒரு முற்றத்துக்குள் இருந்தது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். அதன் பிறகும் கனமான பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரெங்கும் அலைந்து எடுத்தார். 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோ ஜன்னலை மட்டுமே வைத்து ஒரு படத்தொடர் செய்தார். மறுபடி கட்டப்பட்ட அந்த மர ஸ்டூடியோ இப்போது சிறிய காட்சியகம். திறந்திருந்தால் உள்ளே போய், ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வளைவுக்குள் நாம் செய்ததற்கும் அதற்கும் உறவு உண்டு.

குன்றேறக் காலை வருத்த வேண்டாம். 22-ஆம் எண் டிராமில் ஏறி பொஹொர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் நோவீ ஸ்வியெட் என்ற சின்னத் தெரு. கோட்டைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. தாழ்ந்த கூரை வீடுகள், வளைந்து போகும் கல்தெரு. வீடுகளுக்கு எண் போடும் வழக்கம் வருவதற்கு முன் ‘தங்கப் பேரிக்காய்’ மாதிரி பெயர் வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். வானியலாளர் டைக்கோ பிராகே தங்கிய வீடும் இந்தத் தெருவில்தான். இங்கே ஆளை நிறுத்தாதீர்கள், நடக்க விடுங்கள். தெரு வளையும் இடத்துக்கு அப்பாலிருந்து உங்களை நோக்கி வரட்டும். நகரும் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் தொடர் ஃபோகஸ் போட்டு, தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முகம் சட்டத்தை நிறைக்கும்போது ஒன்று என்று எடுங்கள். ஜன்னல்களுக்குப் பின்னால் மனிதர்கள் வசிக்கிறார்கள், சத்தம் போடாமல் எடுப்பது மரியாதை.

படி 9: அன்று மாலையே தேர்ந்தெடுங்கள்

நடை முடிந்ததும் வழிகாட்டியோடு ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து படங்களைப் புரட்டுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு படம் என்று அவரையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி, நீங்களும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று கேளுங்கள். திருத்தும்போது முகத்தின் நிறத்தில் கை வைக்காமல், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வைக்கும் வெள்ளைச் சமநிலையை மட்டும் சரி பாருங்கள். மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் எடுத்ததில் தோலிலும் மஞ்சள் ஏறியிருக்கும். வழியில் அனுமதி தந்த அந்நியர் யாராவது மின்னஞ்சல் கொடுத்திருந்தால், தூங்குவதற்கு முன் அவருக்கு அவருடைய படத்தை அனுப்பிவிடுங்கள்.