கால்வாய்க் கரையில் சைக்கிள்: கிருஷ்ணகிரி பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரி ஹாரன் கேட்காமல், பின்னால் என்ன வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே நல்ல இடம் இருக்கிறது. காமராஜர் காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய 52 அடி அணை. அதிலிருந்து இடதுபுறம், வலதுபுறம் என்று இரண்டு கால்வாய்கள் பிரிந்து சுமார் 9,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. திம்மாபுரம், காவேரிப்பட்டணம், பாளேகுளி என்று நெல்வயல், தென்னை, மாந்தோப்பு மாறி மாறி வரும். கால்வாயை ஒட்டியே போவதால் ஏற்றம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஆனால் இந்தக் கரையை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. மதகு திறந்து மூடும் லஸ்கர் போய்வரவும், டிராக்டர் வயலில் இறங்கவும் விட்ட வழி அது. வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருவதுதான்.

முதல் தவறு, செல்போன் மேப்பை நம்பிக் கிளம்புவது. மேப்பில் கால்வாயை ஒட்டி ஒரு கோடு தெரிந்தால் அது வழி என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான இடத்தில் ஒரு பக்கக் கரைதான் அகலமாக, வண்டி போகிற மாதிரி இருக்கும். எதிர்க்கரை ஒற்றையடிப் பாதை, அதுவும் சில இடத்தில் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கும். எந்தக் கரை நல்ல கரை என்பதும் நடுவில் மாறும். தண்ணீர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரினால், அள்ளிய வண்டலைக் கரை மேலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். போன மாதம் வழுவழுப்பாக இருந்த வழி இந்த மாதம் முழங்கால் உயரக் கட்டிகளாக இருக்கலாம். இதை எந்தச் செயலியும் சொல்லாது. கரையில் புல் அறுக்கிறவரிடம், "அண்ணா, இப்படியே போனா வழி இருக்குங்களா?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்: "அந்த மதகு வரைக்கும் போலாங்க, அப்புறம் முள்ளு."

சரி, அப்படிக் கேட்டுப் போனாலும் நெடுஞ்சாலையில் ஒரு சிக்கல் உண்டு. கால்வாய் சாலைக்கு அடியில் குழாயிலோ பாலத்திலோ நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், நம்மால் முடியாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடுத்தடுப்பைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் சுரங்கப்பாதை இருக்கிற இடத்தில் கடப்பதுதான் சரி. அதேபோல, மேப்பில் அகலமாக, வெள்ளையாக, ஆளே இல்லாத ஜல்லிச் சாலை ஒன்று தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். இந்த மாவட்டத்தில் அது கல்குவாரிக்குப் போகிற வழியாக இருக்க வாய்ப்பு அதிகம். பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் ஏற்றின டிப்பர் எதிரில் வந்தால், புழுதியில் உங்களை டிரைவருக்கும் தெரியாது, டிப்பரை உங்களுக்கும் தெரியாது.

அடுத்து காற்று. டயர் ஓரத்தில் அதிகபட்சம் என்று அச்சிட்டிருக்கும் அளவு வரை அடித்துக்கொண்டு வருகிறார்கள். அது தாங்கும் எல்லை, அடிக்க வேண்டிய அளவு இல்லை. 40 மில்லிமீட்டர் டயர், டியூப் போட்டது, ஆள் 70 கிலோ என்றால் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும். கல்லென்று அடித்தால் ஒவ்வொரு ஜல்லியும் மணிக்கட்டில் குத்தும், சரளைத் திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கும். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் மாட்டி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும்.

பஞ்சர் இங்கே வரும், அதில் சந்தேகம் வேண்டாம். கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நின்றுகொள்ளும். வெளியில் பார்த்தால் கறுப்புப் புள்ளிதான். புது டியூபைப் போட்டுக் காற்றடித்து, அடுத்த மதகுக்குள் அதுவும் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்காதவர்கள். விரல் நுனியில் பதமாகத் தடவி, முள் தட்டுப்படும் இடத்தில் சின்ன இடுக்கியால் இழுத்து எடுத்த பிறகுதான் டியூப். டியூப்லெஸ் டயரும், ஓட்டையைத் தானே அடைக்க அதற்குள் ஊற்றும் சீலன்ட் திரவமும் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. என்னைக் கேட்டால், கியரில் போடும் காசை முதலில் இதில் போடலாம். இன்னொன்று, விலை உயர்ந்த சைக்கிள்களில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். ஊர்ப் பஞ்சர் கடையில் இருப்பது பைக்குக்கு அடிக்கிற தடித்த வாய். கடைக்காரர் குழாயை வைத்துப் பார்ப்பார், புஸ் என்று காற்று வெளியே போகும், "இது நம்ம கிட்ட ஆவாதுங்க தம்பி" என்பார். பத்து கிராம்கூட இல்லாத ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருந்தால் வேலை முடிந்தது.

கரை மேல் ஓட்டும்போது ஓரத்துக்குப் போகக் கூடாது. புல் மூடின ஓரத்துக்கு அடியில் நண்டு வளையும் எலி வளையும் இருக்கும். சக்கரம் ஏறினால் மண் பொலபொலவென்று சரியும். உள்பக்கம் சிமென்ட் போட்ட சரிவு என்றால் பாசி பிடித்து வழுக்கும், தண்ணீர் ஓடும்போது விழுந்தால் ஏறி வருவது கஷ்டம். முதல் போகத்துக்குப் பெரும்பாலும் ஜூலையில் தண்ணீர் திறப்பார்கள். அந்தச் சமயத்தில் குளிரக் குளிர அழகாகத்தான் இருக்கும். நடுவழியை விடாமல் போங்கள்.

மாடுகள் எதிரில் வந்தால் மணி அடிக்கிறார்கள். மாடு மிரண்டு கால்வாயில் இறங்கினால், பிடித்து ஏற்ற அதை மேய்க்கிற அக்காவுக்குத்தான் பாடு. தூரத்திலேயே குரல் கொடுத்து, இறங்கி, ஓரமாக நின்றால் அவர்களே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். படித்துறையில் பெண்கள் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள் என்றால் அங்கே நிற்கவே வேண்டாம். ஹெல்மெட்டில் கேமரா இருந்தால் முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் வயல் பக்கக் கரையில் ஓட்டாதீர்கள். களி அப்பிச் சக்கரம் சுற்றாது என்பது உங்கள் கஷ்டம். நீங்கள் போட்ட தடம் காய்ந்து கெட்டியானால் அதில் தடுமாறிப் போவது பால் கேனோடு டி.வி.எஸ். எக்ஸெல்லில் வருகிறவர். மாந்தோப்புக்குள் குறுக்கு வழி தேடுவதும் வேண்டாம், முக்கியமாக ஏப்ரல் முதல் ஜூலை வரை. காவலும் இருக்கும், நாயும் இருக்கும்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பது தப்பு. இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

கரையை விட்டு ஊர்ச் சாலையில் ஏறினால், அறுவடைக் காலத்தில் ராகித் தாளும் கொள்ளுச் செடியும் ரோட்டில் பரப்பியிருக்கும். லாரியும் பஸ்ஸும் ஏறி மிதிக்கட்டும் என்று போட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் இது பழக்கம். சைக்கிளுக்கு அது ஆகாது. கொள்ளுக் கொடி பின்கியரில் சுற்றினால், கியர் மாற்றும் கருவியைத் தாங்கும் கொக்கியையே வளைத்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் பாட்டிலை நிரப்பாதீர்கள். தென்பெண்ணை பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு வரும் ஆறு, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். போர்வெல் தண்ணீரைவிட, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாய் எங்கே என்று கேட்டுப் பிடிப்பது மேல். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே அந்தத் திட்டம் இந்த இரு மாவட்டங்களுக்கும் வந்தது.

கடைசியாக, வெயிலுக்குப் பயந்து விடியுமுன் கிளம்பும் பழக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் அது நல்ல பழக்கம். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, சானமாவு, அஞ்செட்டி பக்கம் அதுவே பெரிய தவறு. ராகி முற்றும் மாதங்களில் யானைகள் இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு விடியற்காலையில்தான் காட்டுக்குத் திரும்பும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, அதனால் திருப்பத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொள்வீர்கள். அந்தப் பக்கம் போவதென்றால் நன்றாக வெளுத்த பிறகு, டீக்கடையில் விசாரித்துவிட்டு, தார்ச்சாலையை விட்டு இறங்காமல் போங்கள். காப்புக்காட்டு மண் பாதை எவ்வளவு ஆசை காட்டினாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். நேற்று இராத்திரி யானை எந்தப் பக்கம் நின்றது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். "இன்னிக்கு வேணாம் சார்" என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.