விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில்: பூட் ஆகாதபோது செய்யக் கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, லேப்டாப் செத்துப்போச்சு." திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். கறுப்புத் திரை, 'மினிமல் பாஷ் லைக்' என்று தொடங்கும் ஒரு வரி, அதற்குக் கீழே 'க்ரப்' (எந்த ஓஎஸ் வேண்டும் என்று மெனு காட்டும் லினக்ஸின் பூட்லோடர், அதாவது தொடக்க நிரல்) என்ற சொல், பக்கத்தில் துடிக்கும் கர்சர். மதியம் விண்டோஸில் இடம் போதவில்லை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போய், உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) இருந்த பார்டிஷனை, அதாவது டிஸ்கில் அதற்கென்று பிரித்த பகுதியை, அழித்திருக்கிறான். இப்போது விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஃபார்மட் பண்ணிடவா?" என்கிறான்.

அந்த அவசரம்தான் இருப்பதிலேயே பெரிய தவறு. அவனுடைய விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இன்றைய யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, மெஷினை எழுப்பும் மதர்போர்டு மென்பொருள்) மெஷின்களில், எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டிலேயே இருக்கிறது. பட்டியலில் முதலில் உபுண்டு. அதன் தொடக்க ஃபைல் இஎஃப்ஐ பார்டிஷனில் (பூட் ஃபைல்களுக்கான தனிக் குட்டிப் பகுதி) பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது தேடிப்போகும் மெனு, அழிந்த பார்டிஷனோடு போய்விட்டது. பாதி வழியில் நிற்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்பை அணைத்து, மறுபடி ஆன் செய்யும்போது எஃப்12-ஐத் தட்டச் சொன்னேன் (சில மெஷின்களில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப்). வந்த பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தது. இரண்டு நிமிடத்தில் விண்டோஸ் எழுந்துவிட்டது.

பழைய பயாஸ் முறை மெஷினில் இதே காரியத்தைச் செய்திருந்தால் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று வந்திருக்கும், எஃப்12 காப்பாற்றியிருக்காது. அங்கே டிஸ்கின் முதல் 512 பைட்டில் க்ரப் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, 'பூட்ரெக்' கமாண்டால் அந்த இடத்தைத் திருப்பி எழுத வேண்டும்.

இந்த இரண்டு முறைகளையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். நானும் விழுந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் லினக்ஸ் போடும்போது பட்டியலில் 100 எம்பி அளவில் ஒரு குட்டி பார்டிஷனைப் பார்த்தேன். எதற்கும் உதவாத மிச்சம் என்று நினைத்து ஃபார்மட் டிக்கைப் போட்டுவிட்டேன். அதுதான் இஎஃப்ஐ பார்டிஷன். விண்டோஸின் பூட் ஃபைல்கள் குடியிருந்த இடம். அப்புறம் அரை ராத்திரி முழுக்க, பழைய எம்பிஆர் (டிஸ்கின் அந்த முதல் 512 பைட்) காலத்துப் 'பூட்ரெக்' கமாண்டுகளையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். யூஇஎஃப்ஐ மெஷினில் எம்பிஆரைத் திருத்தி என்ன பயன்? விண்டோஸின் 'டிஸ்க்பார்ட்' கமாண்டில் அந்த குட்டி பார்டிஷனுக்கு ஓர் எழுத்து கொடுத்து, பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதும் 'பிசிடிபூட்' ஒரு தடவை ஓட்டியதும் விண்டோஸ் வந்துவிட்டது.

இன்ஸ்டால் செய்யும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸில் 'எம்எஸ்இன்ஃபோ32' ஓட்டினால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐயா லெகசியா (பழைய பயாஸ் முறை) என்று இருக்கும். பிறகு பூட் மெனுவைக் கவனியுங்கள்: பல மெஷின்களில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும், ஒன்றுக்கு முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்றால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதை அழுத்தினால் லினக்ஸ் லெகசி முறையில் ஏறிவிடும். தனித்தனியாக இரண்டும் ஓடும், ஆனால் க்ரப் மெனுவிலிருந்து விண்டோஸுக்குப் போக முடியாது. ஒவ்வொரு தடவையும் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

பயாஸ் செட்டிங்கில் கை வைப்பதற்கு முன், டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரைப் பாருங்கள். புது லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, வைத்திருப்பவருக்கே தெரியாது. செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) அணைத்தால், சில சமயம் பூட் வரிசையை மாற்றினாலே, 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நீலத் திரை வந்து நிற்கும். கீ பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீ இல்லையென்றால் டிஸ்கில் இருப்பதை யாராலும் மீட்டுத் தர முடியாது.

லினக்ஸ் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்பது இன்னொரு புலம்பல். பயாஸ் செட்டிங்கில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் டிஸ்க் இருந்தால் அப்படி ஆகும். ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றச் சொல்வார்கள். சரிதான், ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று விழுந்துவிடும். பயப்பட வேண்டாம், பழைய முறைக்கே திருப்பினால் எழுந்துவிடும். 'எம்எஸ்கான்ஃபிக்'கில் சேஃப் பூட்டை டிக் செய்து, அதன் பிறகு ஏஹெச்சிஐக்கு மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் எழுப்பி, டிக்கை எடுத்துவிட வேண்டும்.

சில நேரம் நம் பக்கம் தவறே இருக்காது. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு லினக்ஸ் எழவில்லை. 'ஷிம் எஸ்பாட்' என்று ஏதோ சொல்லிவிட்டு, 'சம்திங் ஹாஸ் கான் சீரியஸ்லி ராங்' என்று பயமுறுத்தியது. ஷிம் என்பது செக்யூர் பூட்டில் க்ரப்புக்கு முன் எழும் சிறு பூட்லோடர்; எஸ்பாட் என்பது ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியல். இரண்டு ஓஎஸ் உள்ள மெஷின்களுக்கு அந்தப் பட்டியல் போகாது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. சிலவற்றை அடையாளம் காணத் தவறி, போய்விட்டது. அப்போது பழைய பென்டிரைவை எடுத்து லினக்ஸை மறுபடி போட முயன்றவர்களுக்கு, அந்தப் பென்டிரைவும் எழவில்லை. அதிலிருந்ததும் அதே பழைய ஷிம்தானே. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்த எஸ்பாட் பட்டியலை நீக்கி, ஷிம்மை அப்டேட் செய்து, மறுபடி ஆன் செய்வதுதான் வழி.

லினக்ஸ் பாதி எழுந்து, 'எ ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங்' என்று ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டு எமர்ஜென்ஸி மோடில் நிற்கிறதா? பூட்லோடரைத் தொடவே தொடாதீர்கள். அதன் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. எழும்போது இணைக்க வேண்டிய பார்டிஷன்களின் பட்டியலான 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு பார்டிஷன் இப்போது இல்லை, அல்லது ஃபார்மட் ஆகி அதன் அடையாள எண் மாறிவிட்டது. விண்டோஸோடு பகிரும் டி டிரைவும் காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 8-லிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட்டவுன் என்ற பெயரில் பாதியைத் தூங்கத்தான் வைக்கிறது. அந்த நிலையில் உள்ள டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது, சில சமயம் மவுண்டே ஆகாது (இணையவே இணையாது). பவர் ஆப்ஷனில் அதை அணைத்துவிடுங்கள். எஃப்எஸ்டேப்பில் அந்த டிரைவின் வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் அது வராவிட்டாலும் லினக்ஸ் எழும்.

அக்கா மகன் கதை அங்கே முடியவில்லை. விண்டோஸ் வந்த சந்தோஷம் பத்து நிமிடம்தான், மறுபடி போன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அழித்த உபுண்டுவுக்குள் இருந்திருக்கிறது. "அந்த இடத்தைச் சேர்த்து சி டிரைவைப் பெரிசாக்கிட்டியா?" என்றேன். இன்னும் இல்லையாம். நல்லவேளை. பார்டிஷனை அழித்தால் பட்டியலில் அதன் பெயர்தான் போகும்; மேலே எதுவும் எழுதாதவரை உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, அழிந்த பார்டிஷனைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டவைத்தேன். பழைய பார்டிஷன் அதே அளவில் தெரிந்தது. பட்டியலில் திரும்ப எழுதி, ரீஸ்டார்ட் செய்து, எஃப்12-இல் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தான். க்ரப் மெனு வந்தபோது மணி ஒன்றரை. "மாமா, இப்ப தூங்கலாமா?" என்றான். முதலில் ப்ராஜெக்டைப் பென்டிரைவில் காப்பி எடுடா என்றேன்.