ஆர்கானிக் பொட்டலமா? பின்பக்கத்தையும் பாருங்கள்

சிங்கப்பூரின் தேக்கா பக்கத்து மளிகைக் கடைகளில் மாப்பிள்ளைச் சம்பா, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை எல்லாம் கிடைக்கின்றன. இவை எல்லாமே ஆர்கானிக், அதாவது இயற்கை வேளாண்மையில் விளைந்தவை என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. பாரம்பரிய நெல்லுக்கும் யூரியா போடுவார்கள். செக்கில் ஆட்டிய கடலை, மருந்து அடித்த காட்டில் விளைந்ததாக இருக்கலாம். விதையோ செக்கோ ஆர்கானிக்கைத் தீர்மானிப்பதில்லை. சாகுபடி முதல் பதப்படுத்துவது வரை விதிப்படி நடந்ததா என்று வெளியார் வந்து சோதித்துச் சான்று தரவேண்டும்.

சிங்கப்பூரில் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லைப் பொட்டலத்தில் அச்சிட, கோடெக்ஸ் எனும் அனைத்துலக உணவுத் தர வழிகாட்டுதலுக்கு இணங்கிய சோதனை முறையில் பெற்ற சான்று வேண்டும் என்பது உணவு விதிமுறை. இந்த விதியைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு கவனித்துக்கொள்கிறது. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி என்பதால், நீங்கள் பார்க்கும் முத்திரை பெரும்பாலும் சரக்கு வந்த நாட்டினுடையதாகவே இருக்கும்.

குழப்பமும் அங்கேதான். இந்தியப் பருப்புப் பொட்டலத்தின் பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி சைவ உணவுக்கானது. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) என்பதோடு வரும் 14 இலக்க எண் உணவுத் தொழிலுக்கான உரிமம். எந்தக் கம்பெனியின் சாதாரணப் பருப்பிலும் இந்த இரண்டும் இருக்கும். தேடவேண்டியது ‘இந்தியா ஆர்கானிக்’ அல்லது ‘ஜைவிக் பாரத்’ முத்திரை, கூடவே சான்றளித்த நிறுவனத்தின் பெயர். இங்கு நாம் பார்த்துப் பழகிய ‘ஹெல்தியர் சாய்ஸ்’ சின்னமும் சர்க்கரை, உப்பு, கொழுப்பு போன்ற சத்துக் கணக்கைச் சொல்வது. வயலைப் பற்றி அது பேசாது.

பிஸ்கட், சாஸ் மாதிரி பொருள்களில் அளவையும் பாருங்கள். அமெரிக்க விதிப்படி ‘ஆர்கானிக்’ என்றால், தண்ணீரும் உப்பும் நீங்கலாக, குறைந்தது 95 விழுக்காடு ஆர்கானிக். ‘ஆர்கானிக் பொருள்களால் செய்தது’ என்றால் 70 போதும். ஆனால் அதில் யுஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க வேளாண் துறையின் ஆர்கானிக் முத்திரை போட முடியாது.

ஆர்கானிக் என்றால் பூச்சிமருந்தே படாதது என்று நினைத்துக் கீரையைக் கழுவாமல் சமைப்பவர்களும் உண்டு. வேப்பம், செம்பு சார்ந்த சில மருந்துகளுக்கு ஆர்கானிக் விவசாயத்திலும் அனுமதி இருக்கிறது, அதனால் கழுவத்தான் வேண்டும்.

அப்புறம், பழத்தின் ஸ்டிக்கர். 9-இல் தொடங்கும் 5 இலக்க எண் ஆர்கானிக் பழத்துக்கானது என்பது சரிதான். ஆனால் அந்த எண்ணை ஒட்டுவது அவரவர் விருப்பம். விலை போடும் கவுண்டரின் வசதிக்காக வந்தது. சான்றிதழுக்கு அது ஈடாகாது.