கேண்டரிலிருந்து டிராட்டுக்கு, இழுக்காமல் இறங்குவது எப்படி? (குதிரையேற்றத்தில் முதல் டிரெசாஜ் டெஸ்ட், அதாவது குறித்த அசைவுகளை வரிசையாகச் செய்துகாட்டி மார்க் வாங்கும் தேர்வு, ஓட்டப் போகிறவர்களுக்கு)

டிராட்டில் (குதிரையின் துள்ளு நடை) ரைஸிங் (அடிக்கு ஏற்ப எழுந்து உட்காருவது) வரும், கேண்டரில் (அதைவிட வேகமான தாவல் ஓட்டம்) ஆடாமல் உட்கார முடியும், அரங்கத்து எழுத்துகள் (இடங்களைக் குறிக்கும் பி, சி, எஃப் போன்றவை) மனப்பாடம். இவ்வளவும் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் டெஸ்ட்டுகளின் மார்க் தாள்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லும். வட்டத்துக்கு 6, கேண்டர் எடுத்ததற்கு 6, கேண்டரிலிருந்து டிராட்டுக்கு இறங்கியதற்கு 4.5. பக்கத்தில் ‘திடீர்’, ‘தலை மேலே’, ‘முன்பாரம்’ (குதிரையின் பாரம் முன்கால்களில் விழுவது) என்று ஏதாவது ஒரு குறிப்பு. பத்துக்கு 6 என்றால் திருப்திகரம், 4 என்றால் போதாது. போன அந்த ஒன்றரை மார்க்கை மீட்க விலை உயர்ந்த குதிரை தேவையில்லை.

முதலில் இடத்தைக் கணக்குப் போடுங்கள்

20×40 மீட்டர் அரங்கம், இடப்பக்கமாகச் சுற்றுகிறீர்கள், பி-யில் டிராட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நீளப் பக்கத்தில் இருக்கும் எஃப்-க்கும் பி-க்கும் நடுவே 14 மீட்டர்தான். சாதாரண கேண்டரில் நாலு தாவல், கொஞ்சம் கூட. குறிப்பிட்ட எழுத்தில் செய் என்றால், உங்கள் உடம்பு அந்த எழுத்துக்கு நேரே வரும்போது நடக்க வேண்டும். குதிரையின் மூக்கு வரும்போது அல்ல. அதனால் தயாரிப்பு எஃப்-க்கு முந்திய மூலையிலேயே தொடங்கிவிட வேண்டும். மூலையை வெட்டாமல் ஆழமாக ஓட்டினால் குதிரை தானாகவே பின்கால்களில் கொஞ்சம் உட்காரும். இலவசமாகக் கிடைக்கும் உதவி, விடாதீர்கள்.

‘இ-க்கும் கே-க்கும் இடையில்’ என்று டெஸ்ட்டில் இருந்தால் இன்னும் நல்லது. குதிரை நேராக, நிதானமாக இருக்கும் ஒரு தாவலைப் பார்த்துக் கேட்கலாம்.

ஹாஃப்-ஹால்ட்: எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

ஹாஃப்-ஹால்ட் என்பது மாற்றத்துக்கு முன் குதிரையைத் தயார்ப்படுத்தும் ஒரு நொடிச் சைகை. எனக்கு அதிக நாள் பிடித்ததும் இதில்தான். ‘உட்கார், காலை மூடு, கையை மூடு’ என்று பயிற்சியாளர்கள் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு நேரம் மூடுவது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஒரே ஒரு தாவல், அவ்வளவுதான்.

குதிரையின் பிடரி மேலே எழும் நேரத்தில் முதுகை நிமிர்த்தி, வயிற்றை இறுக்குங்கள். இரண்டு கெண்டைக்காலும் குதிரையின் விலாவில் படட்டும். வெளிப்பக்கக் கையின் (அரங்கத்தின் ஓரத்தை ஒட்டிய கை) விரல்களை, ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் பிழிவதுபோல மூடுங்கள். முழங்கை பின்னால் போகக் கூடாது. பிடரி கீழே இறங்கும்போது விரல்களைத் தளர்த்திவிடுங்கள்.

இந்தத் தளர்த்தல்தான் முக்கியம். நம்மூர் ரைடிங் கிளப்களில் இருக்கும் பல குதிரைகள் ரேஸில் ஓடிவிட்டு வந்த தரோபிரெட்கள். ரேஸில் ஜாக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். அதே குதிரையை நாம் நிறுத்த வேண்டும் என்று விடாமல் இழுத்தால், அது பழையபடி சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகும். பிடித்து உடனே விட்டால் அதற்குச் சாய இடமில்லை, தன் பாரத்தைத் தானே சுமந்தாக வேண்டும்.

மூலையில் ஒன்று, எஃப் தாண்டி ஒன்று, பி-க்கு முன்னால் ஒன்று. மூன்றாவதில் இடுப்பு கேண்டரோடு ஆடுவதை நிறுத்திவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு இதுவே போதும், டிராட் வந்துவிடும்.

வந்த பிறகு

டிராட்டின் முதல் மூன்று அடியில் நாம் பந்து மாதிரி குதிப்போம், அப்போது கை வாரில் தொங்கும். அதனால் முதல் ஓரிரு அடி மட்டும் உட்கார்ந்துவிட்டு உடனே ரைஸிங் எடுங்கள். தொடக்க நிலை டெஸ்ட்டுகள் பலவற்றில் அதற்கு அனுமதி உண்டு. தாளை ஒருமுறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கால் மட்டும் குதிரையின் விலாவிலிருந்து விலகக் கூடாது.

டிராட்டிலிருந்து வாக்குக்கும் (சாதாரண நடை) இதே முறைதான், கொஞ்சம் மெதுவாக. வாக் வந்ததும் தூங்கிவிடாமல் நாலு குளம்பும் தனித்தனியாகக் கேட்கும்படி முன்னே நடத்துங்கள்.

எக்ஸ்-இல் (அரங்கத்தின் நடுப்புள்ளி) ஹால்ட், அதாவது முழுதாக நிற்பது, பற்றி ஒன்று மட்டும். அரங்கத்தின் ஒரு முனையில், சி-யில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்குப் பின்கால் எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரியாது, கோணலாக நிற்பது மட்டும் பளிச்சென்று தெரியும். எனவே முதலில் நேராக நிறுத்துங்கள், நாலு காலையும் சதுரமாக வைப்பதைப் பிறகு பழகலாம்.

சாமான்

என் ஓட்டு, நடுநடுவே தோல் தடுப்பு வைத்த துணி வாருக்கு. முழு ரப்பர் வார் வேண்டாம். அது கையோடு ஒட்டிக்கொள்வதால் விரலைத் தளர்த்தினாலும் தளர்ந்ததே தெரியாது. வாரில் நீங்கள் பிடிக்கும் இடத்தில் கலர் இன்சுலேஷன் டேப் சுற்றிவையுங்கள், வார் நழுவியிருந்தால் உடனே கண்ணில் படும். ‘நிற்கவில்லை, கடுமையான பிட் (குதிரையின் வாயில் போடும் கடிவாளத் துண்டு) போடு’ என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சாதாரண லூஸ் ரிங் ஸ்னாஃபில் (இரு பக்கமும் தளர்வான வளையம் உள்ள எளிய பிட்) போதும். அப்புறம், பி பக்கத்தில் ஒருவரை நிறுத்தி போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை பின்னால் போகிறதா என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

பின்சேர்க்கை

டிராட் கேட்டால் நேராக வாக்குக்கே விழுந்துவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இறங்கும் நொடியில் கால் விலகியிருக்கும். 20 மீட்டர் வட்டத்தில் டிராட்டை வாக் வரப்போகும் அளவுக்குக் குறையுங்கள், வாக் வருவதற்குள் முன்னே அனுப்புங்கள். இது பிடிபட்ட பிறகு கேண்டருக்குப் போகலாம்.

இன்னொருவர், ‘ஹோ’ என்றால் என் குதிரை அழகாக இறங்கிவிடும், டெஸ்ட்டிலும் சொல்லலாமா என்று கேட்டார். கூடாது. டெஸ்ட்டின்போது வாயைத் திறந்தாலும் நாக்கைச் சொடுக்கினாலும் மார்க் போகும். பயிற்சியில் ‘ஹோ’ சொல்லும் அதே நேரத்தில் மூச்சையும் விடுங்கள். குதிரை மூச்சுக்கே இறங்க ஆரம்பித்ததும் ‘ஹோ’வை நிறுத்திவிடலாம்.