பிள்ளை நிஜமாகவே வாசிக்கிறதா? வீட்டிலேயே பார்த்துவிடலாம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளை பாடப்புத்தகத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தால் உடனே நம்பிவிடாதீர்கள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையும் மனப்பாடம்!

கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம் 2005 முதல் கிராமங்களில் நடத்திவரும், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் (ASER) ஆய்வின் முறை இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். பிள்ளை பார்த்திராத நாலு எளிய வரிகளை முதலில் கொடுங்கள். சரளமாக வாசித்தால் அடுத்து ஒரு குட்டிக் கதை. திணறினால் தனிச் சொற்கள், அதுவும் வராவிட்டால் எழுத்துகள். சொல்லானாலும் எழுத்தானாலும் ஐந்தில் நாலு சரியென்றால் அந்தப் படி தேறியது. கெ, கே, கொ மூன்றையும் கட்டாயம் சேருங்கள். தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான். (ழகரத்துக்கு மட்டும் கண்டிப்பு வேண்டாம், பெரியவர்களே சறுக்குகிற இடம் அது.) நடுவில் திருத்தாதீர்கள். பதிலை முந்திக்கொண்டு சொல்லும் அக்கா, அண்ணன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அடுத்து கணக்கு. எண்களை வரிசை மாற்றிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 35 வந்தால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கத்தான் தெரியவில்லை. 59 வந்தால் குறியையே பார்க்காமல் கூட்டியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் படிநிலைகளில் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று ஆசிரியரிடமும் கேட்டுவிடுங்கள்.